200 வாட் மடக்கு சோலார் பேனல், வேனுக்கு 10 மீட்டர் தூரம்: எந்த ஒயர்?

பொதிகை வேன்:
டிராவலர் வேனை கேம்பராக மாத்தியிருக்கோம். உள்ளே 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, 20 ஆம்பியர் எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிற பெட்டி). மடக்கு பேனல் 200 வாட், ஸ்டிக்கர்ல 18 வோல்ட் 11.1 ஆம்பியர்னு போட்டிருக்கு. பாபநாசம், குற்றாலம் பக்கம் வேன் மரநிழல்ல நிக்கும். பேனலை 10 மீட்டர் தள்ளி வெயில்ல விரிக்கணும். வீட்டு ஒயர் 2.5 ஸ்கொயரே (சதுர மி.மீ. தடிமன்) தாங்கும்னு கடையில சொல்றாங்க. போதுமா? பேனல் முதுகிலயும் ஒரு சின்ன கண்ட்ரோலர் இருக்கு, அது அப்படியே இருக்கட்டுமா?

பாளை ஒயர்மேன்:
தாங்கும், சூடாகாது. ஆனா இங்க பார்க்க வேண்டியது வோல்டேஜ் ட்ராப், அதாவது ஒயர்லயே தொலையுற வோல்ட். 10 மீட்டர்னா கரண்டு போக 10, திரும்பி வர 10. கணக்குக்கு 20 மீட்டர். 0.0175 (செம்போட தடை எண்) × 20 ÷ ஸ்கொயர், அதுதான் ஒயரோட தடை, ஓம்ல. அதை 11 ஆம்பியரால பெருக்குங்க:
2.5 ஸ்கொயர்: 1.54 வோல்ட் போச்சு
4 ஸ்கொயர்: 0.96
6 ஸ்கொயர்: 0.64

18ல ஒன்றரை போனா என்னன்னு தோணும். சித்திரை வெயில்ல பேனல் 65 டிகிரிக்கு ஏறினா அந்த 18, 16 கிட்ட இறங்கிடும். அதுல ஒன்றரை கழிஞ்சா கண்ட்ரோலருக்கு வர்றது 14.5. பேட்டரி நிறையவே 14.2, 14.4 வேணும். பேட்டரியை விட 1 வோல்ட்டாவது கூட வந்தாத்தான் ஓடும்னு இருக்கிற கண்ட்ரோலர்களும் உண்டு. உச்சி வெயில்ல ஆம்பியர் குறையுதேன்னு பேனலைக் குறை சொல்லுவோம், தப்பு ஒயர்ல இருக்கும். 6 ஸ்கொயர் போடுங்க அண்ணாச்சி. பேனலைத் தரையில படுக்க வைக்காம கால் விரிச்சு நிறுத்துங்க, அடியில காத்து ஓடினா சூடு குறையும்.

உவரிக்காத்து:
வீட்டு ஒயர் வேண்டாம். அந்த பிவிசி வெயில்ல வெடிச்சிரும். சோலார் டிசி கேபிள்னு கேளுங்க. நுனியைச் சீவினா கம்பி வெள்ளையாத் தெரியணும், அது வெள்ளீயம் பூசின செம்பு. உவரி, மணப்பாடு உப்புக்காத்துல பூசாத செம்பு பச்சை பூத்து, கிரிம்ப் பண்ணின (முனையை அழுத்திப் பிடிச்ச) இடத்துலயே சூடாகும்.

முதுகுல இருக்கிற கண்ட்ரோலரைக் கழட்டிருங்க. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு கண்ட்ரோலர் கூடாது. அதை மட்டும் வச்சாலும் நஷ்டம்தான்: அது தன் வாசல்ல 14.4 பார்த்து நிறைஞ்சுட்டுதுன்னு நினைக்கும், 10 மீட்டர் தள்ளி பேட்டரிக்கு 13 சொச்சம்தான் வந்திருக்கும். கண்ட்ரோலர் பேட்டரி பக்கத்துலயே இருக்கட்டும், நீள ஒயர் பேனல் பக்கம் ஓடட்டும்.

ஆடிக்காத்துக்கு நாலு மூலையும் முளை அடிச்சுக் கட்டுங்க. ஒயரையும் பேனல் காலோட ஒரு சுத்து கட்டிருங்க. இல்லன்னா காத்து இழுக்கிற இழுப்பு எம்சி4 கனெக்டர்ல (சோலார் ஒயரைச் செருகிச் சேர்க்கிற முனை) விழும்.

பொதிகை வேன்:
நன்றி அண்ணாச்சி. ஃபியூஸ் எங்க வரும்?

பாளை ஒயர்மேன்:
பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள, 20 ஆம்பியர். ஷார்ட் ஆனா ஒயரை எரிக்கிறது பேட்டரிதான். ஒத்தைப் பேனலுக்கு அந்தப் பக்கம் ஃபியூஸ் தேவையில்ல. கண்ட்ரோலர்ல இருந்து பேட்டரிக்கு ஒன்றரை மீட்டருக்குள்ள, அதுவும் 6 ஸ்கொயர்.

கண்ட்ரோலர்ல முதல்ல பேட்டரியை மாட்டுங்க, அப்புறம் பேனல். கழட்டும்போது பேனல் முதல்ல. வெயில் அடிக்கும்போது எம்சி4ஐப் பிடுங்காதீங்க, தீப்பொறி பறந்து பின் கருகிடும். பேனலைக் கவுத்துப் போட்டுட்டுக் கழட்டுங்க. முதல்முறை செருகும் முன்ன பேனல் ஒயர் நுனியில மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க: எதுவும் இணைக்காதப்ப 20 வோல்ட்டுக்கு மேல காட்டணும், முன்னால மைனஸ் குறி வந்தா பிளஸ் மைனஸ் மாறியிருக்கு.