பெட் ஸ்கேனில் எலும்பு சுத்தம், பிறகும் மஜ்ஜை பயாப்சி ஏன்?

கேள்வி:
அம்மாவுக்கு 61 வயது, ஃபாலிகுலர் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை). பெட்-சிடியில் (நோய் உள்ள இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன்) கழுத்து, அக்குள் நெறிகட்டிகள் மட்டும்தான் ஒளிர்ந்தன. ஆனாலும் மஜ்ஜை பயாப்சி (எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ஊசியால் துண்டு எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்கிறார் டாக்டர். பக்கத்துப் படுக்கையில் ஹாட்ஜ்கின் லிம்போமா உள்ள பையனுக்கு ஸ்கேனோடு விட்டுவிட்டார்கள். ஊசி என்றாலே அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். கட்டாயம் தேவையா?

பதில் 1:
மஜ்ஜைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலை. இரண்டும் ஒரே மாதிரி நோய் இல்லை. ஹாட்ஜ்கின் மஜ்ஜைக்குப் போனால் பெரும்பாலும் ஸ்கேனில் திட்டுத்திட்டாக ஒளிரும். அதனால்தான் லிம்போமா எந்த நிலையில் இருக்கிறது என்று கணிக்க மருத்துவர்கள் வகுத்த 2014 லுகானோ வகைப்பாடு, பெட்-சிடி எடுத்த ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு இந்தப் பயாப்சி வேண்டாம் என்றது. ஃபாலிகுலரில் சின்னச் சின்ன செல்கள் மஜ்ஜைக்குள் ஓடும் மெல்லிய எலும்புச் சட்டத்தின் ஓரத்தை ஒட்டி மெல்லிய பட்டையாகப் படுத்திருக்கும். அவ்வளவு சிறிய அளவு ஸ்கேனில் தெரியாமல் போகலாம். இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுக்கும் துண்டு 2 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். குட்டைத் துண்டு வரும்போதெல்லாம் எனக்கு மனசே ஆறாது. நோய் உள்ள இடம் அதில் தவறியிருக்கலாம்.

பதில் 2:
எனக்கு எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி எரிந்தது. அப்புறம் மஜ்ஜையை உறிஞ்சும்போது சில நொடிகள் கால் வரைக்கும் இழுத்தது. அம்மா கையைப் பிடித்துக்கொள்ளட்டும், விடாதீர்கள்.

கேட்டவர்:
சரி, முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா?

பதில் 1:
மாறலாம். மஜ்ஜையில் இருந்தால் அது நான்காம் நிலை, அதாவது நெறிகட்டிகளைத் தாண்டிப் பரவிய நிலை. கழுத்துக்கும் அக்குளுக்கும் கதிர்வீச்சு மட்டும் போதும் என்ற யோசனை அப்போது நிற்காது.