பார்பேடோஸில் பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவுடன் கரீபியன் தீவான பார்பேடோஸ் போகிறேன், தங்குவது தெற்குக் கரையில் ஆய்ஸ்டின்ஸ் பக்கம். கார் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இல்லை. உள்ளூர் மக்களோடு பஸ்ஸில் போனால்தான் ஊர் பிடிபடும் என்று நினைப்பவன் நான், அம்மாவுக்கும் அதுதான் இஷ்டம்.

படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவு: மஞ்சள் கோடு போட்ட நீல பஸ் அரசாங்கத்துடையது, நீலக் கோடு போட்ட மஞ்சள் மினிபஸ் தனியார், அப்புறம் இசட்ஆர் என்று நம்பர் பிளேட்டில் தொடங்கும் வெள்ளை வேன்கள். எதில் ஏறினாலும், எவ்வளவு தூரம் போனாலும் 3.50 பார்பேடோஸ் டாலர், அதாவது 1.75 அமெரிக்க டாலர். அரசு பஸ்ஸில் மீதிச் சில்லறை தரமாட்டார்களாம், அதனால் சரியான காசு கையில் வேண்டும். நிறுத்தப் பலகையில் நகருக்கு (அதாவது தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்கு), நகருக்கு வெளியே என்று இரண்டு விதமாக எழுதியிருக்கும், அதைப் பார்த்து நின்றால் போதும் என்கிறார்கள்.

எனக்குக் குழப்பம் கிழக்குக் கரையில் இருக்கும் பாத்ஷீபாவுக்குப் போவதில்தான். பிரிட்ஜ்டவுன் போய் ஃபேர்சைல்ட் தெரு நிலையத்தில் பஸ் மாற வேண்டும் என்று புரிகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வர பஸ் கிடைக்குமா, இல்லை டாக்சி பேசி வைத்துக்கொள்வது நல்லதா? வடமேற்குக் கரையில் இருக்கும் ஸ்பைட்ஸ்டவுனுக்கும் இதே கேள்வி.

இன்னொன்று, அம்மாவுக்கு முழங்கால் வலி. வெள்ளை வேன்களில் நெருக்கியடித்து உட்கார வைப்பார்கள், பாட்டுச் சத்தமும் அதிகம் என்று கேள்விப்பட்டேன். வயதானவர்களை அதில் கூட்டிப் போனவர்கள் யாராவது இருந்தால், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று தயவுசெய்து சொல்லுங்கள்.