மதிப்பாய்வாளர் இருவர் முரண்பட்டால் எதைத் திருத்துவது?

சாட்ஸ்வொர்த் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் தமிழ்ப் பெயர்கள் கப்பல் பதிவேடுகளில் எவ்வாறு எழுதப்பட்டன என்ற கட்டுரையை ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து, ‘பெரிய திருத்தம் தேவை’ என்று பதில் வந்துள்ளது. கட்டுரையை மதிப்பிட இதழ் அனுப்பிய துறை வல்லுநர் இருவரில், முதல் மதிப்பாய்வாளர் பெயர்களை ஒரே எழுத்துமுறைக்குக் கொண்டுவரச் சொல்கிறார். இரண்டாமவர், பதிவேட்டில் உள்ளபடியே விடாவிட்டால் கட்டுரைக்கே பொருளில்லை என்கிறார். பதிப்பாசிரியரோ ‘இரு அறிக்கைகளையும் கருத்தில் கொள்க’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? இரண்டாமவர் யாரென்று ஏறக்குறையத் தெரியும், அவரிடமே கேட்டுவிடலாமா? அல்லது கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறு இதழுக்கு அனுப்பிவிடலாமா?

ஓய்வுபெற்ற பதிப்பாசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அம்மா, அவரிடம் கேட்க வேண்டாம். கப்பல் பதிவேடுகளைப் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், எழுதியவர், மதிப்பிடுபவர் என இரு தரப்புப் பெயரையும் மறைக்கும் முறை நம் துறையில் பாதிதான் மறைக்கிறது; ஆனாலும் ஊகித்தவரை நீங்கள் அணுகினால், கட்டுரையின் மீது எடுக்கப்படும் முடிவே ஐயத்துக்கு உள்ளாகும்.

மதிப்பாய்வாளர் பரிந்துரைக்கிறார், ஏற்பதும் மறுப்பதும் பதிப்பாசிரியரின் பொறுப்பு. நான் அந்த நாற்காலியில் இருந்தபோது, இதழின் எல்லைக்குள் அடங்காத கட்டுரைகளை வெளியாருக்கு அனுப்பாமலேயே திருப்பிவிடுவேன். தேறியவற்றுக்கு இருவரைத் தேடுவேன். ஊதியமில்லாத வேலை என்பதால் ஆறேழு பேரைக் கேட்டால் இருவர் இசைவார்கள். உங்கள் ஏழு மாதத்தில் கணிசமான பகுதி அந்தத் தேடலில் கழிந்திருக்கக்கூடும். (அங்கீகாரம் பெற்ற இதழில் கட்டுரை வெளியானால் நம் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது, மதிப்பிட்டவருக்கு அதில் ஒரு ராண்ட்கூட இல்லை.) இருவரும் முரண்படும்போது எதை ஏற்பது என்று வழிகாட்டுவது பதிப்பாசிரியரின் கடமை, ஒற்றை வரியில் ஒதுங்கியது அவருடைய சோம்பல். அவருக்கே எழுதிக் கேளுங்கள்.

ஜோஹானஸ்பர்க் ஆய்வாளர்:
பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்ப்பேன்: வெறும் கேள்வியாகப் போகாமல் தீர்வோடு போங்கள். முதலாமவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மூன்சாமி, முன்சாமி, முனிசாமி மூன்றும் ஒரே பெயர் என்பது புலப்படாததால்தான் ஒரே வடிவம் கேட்கிறார். இரண்டாமவருடைய கவலை சான்று சிதையக்கூடாது என்பது. கட்டுரைக்குள் பதிவேட்டு வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னிணைப்பில் அந்த வடிவம், நீங்கள் ஊகிக்கும் தமிழ்ப் பெயர், தகப்பன் பெயர், ஊர் ஆகியவற்றை அட்டவணையாகத் தந்தால் இருவர் குறையும் தீரும்.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு குறிப்பையும் எடுத்தெழுதி, அதன்கீழ் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். காரணம் காட்டி மறுக்கவும் செய்யலாம். நான் மதிப்பிட்ட கட்டுரை திருந்தி வரும்போது அந்தக் கடிதத்தைத்தான் முதலில் படிப்பேன். எல்லாவற்றுக்கும் ‘நன்றி, திருத்தினேன்’ என்றிருந்தால் எனக்கு ஐயம்தான் வரும்.

திரும்பப் பெறுவது உங்கள் உரிமை. ஆனால் இவ்வளவு சிறிய துறையில் அடுத்த இதழும் அதே இரண்டாமவரிடம் அனுப்பக்கூடும். 1936இல் ஐன்ஸ்டைன், ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதிட்ட கட்டுரையைத் தம்மைக் கேளாமல் வெளியாருக்குக் காட்டியதற்காக ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழின் மீது சினந்து, அதைத் திரும்பப் பெற்றார். மதிப்பாய்வாளர் சுட்டிய பிழை உண்மையாக இருந்தது. மறு ஆண்டு வேறு இதழில் வந்த கட்டுரையில் முடிவு மாறியிருந்தது.

சாட்ஸ்வொர்த் மாணவி:
இருவருக்கும் நன்றி. அட்டவணை யோசனையைப் பதிப்பாசிரியருக்கு எழுதினேன். இசைந்து, ஆறு வாரம் அவகாசமும் தந்துவிட்டார். ஊகத்தை என்னோடு வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதக் கருத்தரங்கில் அந்த இரண்டாமவர் எனக்கு முன்வரிசையில் அமர்ந்தால்தான் சங்கடம்.