ஷோரன்னர்னா யாருங்க? இயக்குநர் இருக்கும்போது அவர் எதுக்கு?

செந்தூல் பையன்:
13 எபிசோட் நாடகம் ஒண்ணுக்கு வசனம் எழுதுறேன், முதல் வேலை. எழுத்தாளர் மூணு பேர், இயக்குநர் ரெண்டு பேர். நேத்து தயாரிப்பாளர் "நீயே ஷோரன்னரா இருந்துக்க தம்பி"ன்னு சொல்லிட்டு காரேறிட்டார். சம்பளத்துல ஒரு வெள்ளி கூடல. நான் என்ன செய்யணும்?

பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்:
தம்பி, சினிமாவுல இயக்குநர் வச்சதுதான் சட்டம். அமெரிக்க டிவியில அப்படி இல்ல. இயக்குநர் எபிசோடுக்கு எபிசோட் மாறுவார், கதை தலைமை எழுத்தாளர் கையில இருக்கும். அவர்தான் ஷோரன்னர். 'த சொப்ரானோஸ்'னு ஒரு அமெரிக்க நாடகம், 86 எபிசோட். அதோட ஷோரன்னர் டேவிட் சேஸ் இயக்கினது முதலும் கடைசியும் மட்டும். ஆனா அது அவரோட நாடகம்னுதான் ஊரே சொல்லுது. மத்தவங்க எழுதினதைக் கடைசியா திருத்துறது, நடிகர் தேர்வு, பட்ஜெட், எடிட் எல்லாத்துலயும் ஷோரன்னர் வார்த்தை இருக்கும். தமிழ்ல 2022ல வந்த 'சுழல்' வெப் சீரிஸ் பாரு: எழுதி உருவாக்கினது புஷ்கர்-காயத்ரி, இயக்கினது பிரம்மாவும் அனுசரணும்.

நம்ம ஊர்ல அந்த ஆள் இல்லாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒரு நாடகத்துல மருமகள் ஆறாவது எபிசோட் வரைக்கும் மாமியாரை "அத்தை"ங்கிறா. ஏழுலேர்ந்து "மாமி". எழுத்தாளர் மாறிட்டார், அவர் வீட்டுப் பழக்கம் அது! யாரும் கவனிக்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு எடிட் ரூம்ல நான்தான் கண்டுபிடிச்சேன். நடிகையைத் திரும்பக் கூப்பிட்டு 41 இடத்துல டப்பிங். முகம் தெரியிற ஷாட்ல வாய் "மாமி"ன்னுதான் அசையுது, அதையெல்லாம் மாமியார் முகத்தைக் காட்டி மறைச்சேன். அந்தம்மாவுக்கு அவ்வளவு குளோஸப் வந்த நாடகம் அது ஒண்ணுதான்.

ஒத்துக்கிறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளு. மத்த ரெண்டு பேர் எழுதினதை நீ திருத்தலாமா? எடிட்ல உன்னை உட்கார விடுவாங்களா? இல்லன்னா அது வெறும் பட்டம்.

பட்டர்வொர்த் அக்கா:
உடை பாக்கிறவ நான். கல்யாணக் காட்சிக்கு ஒரு இயக்குநர் பச்சைப் புடவை கேட்டார், அதே காட்சியோட மிச்சத்துக்கு இன்னொருத்தர் சிவப்பு கேட்டார். யாரைக் கேக்கிறதுன்னு தெரியாம ரெண்டையும் அயர்ன் பண்ணி வச்சிருந்தேன். எனக்கு ஷோரன்னர்னா, அன்னிக்கு போன் பண்ண ஒரு நம்பர்.

செந்தூல் பையன்:
கேட்டுட்டேன் அண்ணே. எடிட்ல உட்காரலாமாம். திருத்துறது மட்டும் "பேசிக்கலாம்"ங்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்:
எழுத்துல வாங்கு. இப்பவே, ஷூட்டிங் தொடங்குறதுக்குள்ள.