அத்தை போனுக்கு வந்த அப்டேட்

குழு: பாத்திரக்கடை வீடு, கும்பகோணம்

இரவு 8:50

குமார் சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! இந்த வாரம் போனில் வரும் அப்டேட்டைப் போட்டால் போட்டோ, நம்பர் எல்லாம் அழிந்துவிடும். தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பவும்.

ஜெயா அத்தை: ஐயோ, காலையிலிருந்து அதுதான் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரம்யா நிச்சயதார்த்தம். சமையல்காரர் நம்பர், அழைப்பு லிஸ்ட், எல்லாம் இதில்தான்

லதா சித்தி: தொடாதீங்க அண்ணி

மதுரை சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமையா?

ரம்யா: மாமா, அப்பா போன் செய்தாரே

மதுரை சித்தப்பா: செய்தார். தாய்மாமனுக்கு நேரில் வந்து சொல்வதுதானே முறை

செந்தில்: அத்தை, போடுங்கள். அது வதந்தி. பாதுகாப்பு அப்டேட் போட்டோவைத் தொடாது. எதற்கும் ஒரு காப்பி எடுத்துவிட்டு, சார்ஜரில் செருகிப் போடுங்கள்

குமார் சித்தப்பா: ஒழுங்காக ஓடுகிற போனை ஏன் நோண்ட வேண்டும்?

செந்தில்: ஓட்டை இருந்தாலும் ஒழுங்காகத்தான் ஓடும் சித்தப்பா. போனுக்குள் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. அப்பாயி இடுப்பில் கொத்துச்சாவி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. எந்த ஆப் எந்த அறைக்குள் போகலாம் என்று அதுதான் திறந்துவிடும். அதில் ஓட்டை இருந்தால் ஏதோ ஒரு ஆப் பீரோ வரைக்கும் போய்விடும்.

செந்தில்: ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் மேக்ஸ் கெல்லர்மன் என்று ஒரு புரோகிராமர். 2021 ஏப்ரலில் வாடிக்கையாளர் ஒருவர், சர்வர் (வெப்சைட்டை ஓட்டுகிற கம்ப்யூட்டர்) எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு திறக்கவில்லை என்று புகார் சொன்னார். சரிசெய்து கொடுத்தார்கள். மறுபடி மறுபடி வந்தது. பார்த்தால் ஒவ்வொரு கோப்பிலும் கடைசி 8 பைட், அதாவது எட்டு எழுத்து அளவு மட்டும் கெட்டிருந்தது. அவர் விடவில்லை. 2022 பிப்ரவரியில்தான் தப்பு அந்த சர்வரை ஓட்டும் லினக்ஸ் என்கிற கர்னலில் என்று பிடித்தார். படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில்கூட உள்ளே இருக்கும் ஒரு சாதாரண ஆப் எழுதிவிடலாம். அதற்கு டர்ட்டி பைப் என்று பெயர் வைத்தார்கள். ஆண்ட்ராய்டு ஓடுவதும் லினக்ஸ் கர்னலில்தான். கூகுளின் பிக்சல் 6 போனிலும் அது வேலை செய்தது.

லதா சித்தி: எவ்வளவு நீளம் 😳

செந்தில்: முடித்துவிடுகிறேன் சித்தி. திருத்தம் இரண்டே வரி. ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்காமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பிப்ரவரி 20 லினக்ஸ் குழுவிடம் சொன்னார், 23-ஆம் தேதி திருத்திய கர்னல் வந்துவிட்டது. மார்ச் 7 முழு விவரமும் வெளியானது. அன்றிலிருந்து திருடனுக்கும் வழி தெரியும். அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்

பெரியப்பா: படித்தேன். 2017 ஞாபகம் வருகிறது

குமார் சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: யாரையும் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை சிவப்பு. 300 டாலர் கேட்டது. நாலு வருஷப் பற்றுவரவு போச்சு. வலங்கைமான் பாக்கி எவ்வளவு என்று இன்றைக்கும் தெரியாது

செந்தில்: அது வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வைரஸ். மே 12 வெள்ளிக்கிழமை கிளம்பியது. அதற்கான திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்தாயிற்று பெரியப்பா. இரண்டு மாதம் கையில் இருந்தது

பெரியப்பா: நாம்தான் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தோமே

லதா சித்தி: பில் போட நேரமாகிறது என்று எல்லோரும்தான் நிறுத்தச் சொன்னீர்கள். எங்க வீட்டுக்காரரை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

பெரியப்பா: எல்லோரும்தான் லதா. நானும்தான்

ஜெயா அத்தை: அதை விடுங்கள். பாயசத்துக்கு எந்த அண்டா?

குமார் சித்தப்பா: கடை அண்டாதான் பெரியது. ஈயம் பூச வேண்டும்

ஜெயா அத்தை: செந்தில், ரீஸ்டார்ட் கேட்கிறது. அணைக்காமல் முடியாதா? பூக்காரர் கூப்பிடுவார்

செந்தில்: அடுப்பில் கொதிக்கிற அண்டாவுக்கு ஈயம் பூச முடியாது அத்தை, இறக்கித்தான் ஆக வேண்டும். பூக்காரருக்கு ரம்யா நம்பரைக் கொடுங்கள்

பெரியப்பா: என் போனுக்கு ஒன்றும் வரவில்லையே. கடைசியாக 2021 என்று காட்டுகிறது

செந்தில்: பழைய மாடலுக்கு அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள் பெரியப்பா. இனி ஓட்டை தெரிந்தாலும் அதில் அடைக்க ஆள் இல்லை. பேங்க் ஆப்பை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்

பெரியப்பா: கடைப் பணமெல்லாம் அதில்தான் வருகிறது

ரம்யா: பெரிய மாமா, நான் புதுசு வாங்கித் தருகிறேன்

பெரியப்பா: கல்யாணம் முடியட்டும் அம்மா

செந்தில்: தை வரைக்குமா? வேண்டாம் பெரியப்பா. நாளைக்குப் பேசுகிறேன்

குமார் சித்தப்பா: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

குமார் சித்தப்பா: கடைத்தெரு குரூப்பிலும் போட்டிருந்தேன். அங்கேயும் எடுத்துவிட்டேன்

இரவு 9:55

லதா சித்தி: அண்ணி?

ரம்யா: அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்

இரவு 10:10

ஜெயா அத்தை: வந்துவிட்டது. போட்டோ எல்லாம் அப்படியே இருக்கிறது. அண்டாவுக்கு யார் ஈயம் பூசுவது என்று யாரும் சொல்லவே இல்லையே

மதுரை சித்தப்பா: ரம்யா அப்பா நாளைக்கு மதுரை வருகிறாரா?