தா போர்த்தோவின் குறுநாவல்: குடும்பப் பகை என்று சொல்லிவிட்டால் போதுமா?

கரிசல்வாசகன்:
ரோமியோ–ஜூலியட் என்றதும் ஷேக்ஸ்பியர்தான் நினைவுக்கு வருவார். அவர் நாடகம் எழுதுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1530 வாக்கில், வெனிஸில் ஒரு குறுநாவல் அச்சானது. எழுதியவர் விசென்சா ஊர்ப் பிரபு லூயிஜி தா போர்த்தோ. புத்தகம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. வெரோனா நகரம், மொந்தெக்கி, காப்பெல்லெத்தி என்ற இரண்டு பகைக் குடும்பங்கள், ரோமியோ, ஜூலியெத்தா என்ற பெயர்கள் எல்லாம் ஒரே கதையில் முதலில் சேர்ந்தது இவரிடம்தான். ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். ஏமாற்றம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விருந்தில் சந்திப்பு, ரகசியத் திருமணம், தெருச்சண்டையில் கொலை, நாடுகடத்தல், தூக்க மருந்து, கல்லறை. இதில் என் முதல் புகார் பகையைப் பற்றியது. இரண்டு குடும்பமும் எதற்காக அடித்துக்கொள்கின்றன? நிலமா, வரியா, பதவியா, பழைய கொலையா? ஒரு வரி கிடையாது. அதுமட்டுமா, கதை தொடங்கும்போது இரு தரப்பும் களைத்துப் போய், நகரத்தின் தலைவர் பார்த்தொலொமேயோ தெல்லா ஸ்கலாவின் மிரட்டலுக்கும் பயந்து, ஓரளவு அடங்கிவிட்டார்கள் என்று ஆசிரியரே எழுதுகிறார். ஆறிப்போன பகைக்கு எதற்கு இவ்வளவு ஒளிவு மறைவு? ஜூலியெத்தாவின் உறவினன் தெபால்தோ கதைக்குள் வருவதே குத்துப்பட்டுச் சாகத்தான். அதற்கு முன் அவன் யார், எப்படிப்பட்டவன் என்று எதுவும் தெரியாது.

முடிவு அதைவிட மோசம். ரோமியோ விஷத்தில் இறந்ததும் ஜூலியெத்தா மூச்சை உள்ளே இழுத்து, வெகுநேரம் அடக்கி வைத்து, ஒரு பெரிய அலறலோடு அவன் மேல் விழுந்து இறந்துபோகிறாள். மூச்சை அடக்கி யாராவது செத்ததுண்டா?

தூங்காநகரான்:
எங்கள் தெருவில் ஒரு பொடியன் பொம்மை கேட்டு தினமும் அந்த முயற்சியில்தான் இருக்கிறான். இன்றுவரை பலன் இல்லை.

நளினி_ரா:
மூச்சு விஷயத்தை விட்டுவிடுகிறேன், அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மற்றதில் நீங்கள் ஷேக்ஸ்பியரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்திருக்கிறீர்கள், கரிசல். அப்படிப் படித்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும்.

ஜூலியெத்தாவைப் பாருங்கள். இங்கே அவளுக்குப் பதினெட்டு வயது. நாடகத்தில் வருவது போல பதினான்குகூட நிரம்பாத சிறுமி இல்லை. விருந்தின் கடைசியில் ஒரு ஆட்டம் நடக்கும், பந்தம் கைமாறிக்கொண்டே போகும். அவளுக்கு ஒரு பக்கம் மார்க்கூச்சோ. அவன் கை கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே மாதிரி சில்லிட்டிருக்கும் என்று ஊரே அறியும். மறுபக்கம் வந்து நிற்கிறான் ரோமியோ. முதலில் பேசுவது அவள்தான். நீ என் பக்கத்தில் வந்தது நல்லதாயிற்று, அந்தக் கை என்னை உறைய வைக்கிறது, உன் கை சூடாக்குகிறது என்கிறாள். ஒரு பெண் விளையாட்டுப் பேச்சு போல ஆரம்பித்து உண்மையைச் சொல்லிவிடுவது இவ்வளவு சுருக்கமாக வேறு எங்கே வந்திருக்கிறது?

அப்புறம் பனி கொட்டும் ஒரு இரவில் வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறான். முதலில் கல்யாணம், பிறகுதான் கதவு என்கிறாள். அவன் நாடுகடத்தப்படும்போது தலைமுடியை வெட்டிக்கொண்டு வேலைக்காரனைப் போல உன்னோடு வருகிறேன் என்கிறாள். நம் அகப்பாடல் படித்தவர்களுக்கு உடன்போக்கு புதிதா என்ன? வேண்டாம் என்று தடுப்பவன் அவன். கதையில் முடிவெடுக்கத் தெரிந்த ஒரே ஆள் ஜூலியெத்தாதான்.

கரிசல்வாசகன்:
சந்திப்புக் காட்சி நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறுநாவலை நான்கு நல்ல வரிகள் தாங்குமா? பகையின் கதை என்று சொல்லிக்கொண்டு பகையைக் காட்டாமல் விட்டதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை.

பழையபேனா:
நடுவில் கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன், இருவருக்கும் பயன்படும்.

மொந்தெக்கி, காப்பெல்லெத்தி இரண்டையும் ஜோடியாகச் சேர்த்தவர் பழைய இத்தாலியக் கவிஞர் தாந்தே. 'தெய்வீக நாடகத்தில்' உத்தரிக்கிற ஸ்தலப் பகுதியின் ஆறாம் காண்டத்தில், இத்தாலியைக் கண்டுகொள்ளாத பேரரசனைத் திட்டும்போது இந்தப் பெயர்கள் வருகின்றன. மொந்தெக்கி வெரோனாவைச் சேர்ந்தவர்கள். காப்பெல்லெத்தி கிரெமோனாவில் இருந்த அரசியல் அணி. ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்து வெட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆக, வெரோனா பகை பெரும்பாலும் தா போர்த்தோவின் கற்பனை. அது அவருக்கும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. இந்தக் கதையைத் தனக்குச் சொன்னவன் பெல்லெகிரினோ என்ற வெரோனா வில்வீரன் என்று எழுதுகிறார். அந்த வீரனே, பழைய நூல்களில் இந்த இரண்டு குடும்பமும் ஒரே கட்சியில் இருந்ததாகப் படித்திருக்கிறேன், அதனால் சந்தேகம் உண்டு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான்.

காதல் பகுதிக்கும் முன்னோடி உண்டு. 1476-இல் வெளிவந்த, மசூச்சோ என்ற இத்தாலியக் கதாசிரியரின் தொகுப்பில் மரியோத்தோ, கனோட்சா என்ற சியெனா ஜோடி. ரகசியத் திருமணம், துறவி, தூக்க மருந்து எல்லாம் அங்கேயே இருக்கின்றன. இல்லாதது குடும்பப் பகை ஒன்றுதான். தா போர்த்தோ சேர்த்த முக்கியச் சரக்கே அதுதான்.

கரிசல்வாசகன்:
அப்படிச் சொல்லுங்கள்! தானே கொண்டுவந்து சேர்த்த ஒரே சரக்கு, அதையும் காலிப் பெட்டியாகக் கொண்டுவந்திருக்கிறார்.

பழையபேனா:
அவசரப்படாதீர்கள். தா போர்த்தோ பகையை ஏட்டில் படித்தவர் இல்லை. வெனிஸ் குடியரசின் குதிரைப்படைத் தலைவராக, இத்தாலியின் வடகிழக்கு மூலையான ஃப்ரியூலி பகுதியில் இருந்தவர். அங்கே அப்போது சம்பெர்லானி, ஸ்த்ரூமியேரி என்று இரண்டு அணிகள். முதல் அணியின் தலைவர் அந்தோனியோ சவொர்ஞான், தா போர்த்தோவுக்குத் தாய்வழி உறவு. 1511 பிப்ரவரி 27, தவக்காலத்துக்கு முந்தைய கொழுத்த வியாழன். ஊதினே நகரத்தில் சவொர்ஞான் ஆட்கள் எதிரணிப் பிரபுக்களின் மாளிகைகளில் புகுந்து கொள்ளையடித்து, கண்ணில் பட்டவர்களை வெட்டிப்போட்டார்கள். கிராமங்களில் விவசாயிகள் கோட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். அந்த ஜூன் மாதமே தா போர்த்தோ ஒரு சண்டையில் கழுத்தில் காயம்பட்டு, உடலின் ஒரு பகுதி செயலிழந்து, படைவாழ்க்கை முடிந்து ஊர் திரும்பினார். குறுநாவல் அதன் பிறகு எழுதியது. யாருக்குச் சமர்ப்பணம்? லூச்சினா சவொர்ஞான் என்ற பெண்ணுக்கு.

செசில் கிளஃப் என்ற ஆங்கில வரலாற்றாளர், கொலை நடந்ததற்கு முந்தைய நாள் இரவு ஊதினே விருந்தொன்றில் தா போர்த்தோ லூச்சினாவைக் கண்டு காதல் கொண்டார், இந்தக் கதை அவர்களுடையதுதான் என்று வாதிடுகிறார். லூச்சினா 1517-இல் தன் குடும்பத்திலேயே வேறொருவரை மணந்துகொண்டார். காதல் பகுதி ஊகம்தான். ஊதினே படுகொலை ஊகம் இல்லை.

தூங்காநகரான்:
காதலி கல்யாணம் செய்துகொண்டு போன பிறகும் அவள் பெயரைப் போட்டுச் சமர்ப்பணமா? எல்லா மொழியிலும் கவிஞர் சாதி ஒன்றுதான் போல.

கரிசல்வாசகன்:
பழையபேனா எனக்கு உதவிவிட்டார். தெரியாமல் எழுதியவரை மன்னிக்கலாம். இவர் தெரிந்தவர்.

ஃப்ரியூலி பகை எதனால் ஆனது? விவசாயிகளின் கோபம், கோட்டைப் பிரபுக்களின் உரிமை, வெனிஸின் கணக்கு, எல்லைக்கு அப்பால் காத்திருக்கும் புனித ரோமப் பேரரசரின் படை. சவொர்ஞான் விவசாயிகளைத் தன் பக்கம் வைத்திருந்ததால்தான் அந்தக் கொலைகளைச் செய்ய முடிந்தது. இதில் ஒரு துளியாவது கதைக்குள் வந்ததா? காப்பெல்லெத்தி மாளிகைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்றே நமக்குத் தெரியாது. சாமானியர் என்றால் கடிதம் கொண்டுபோகும் பியேத்ரோ, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஊதினேயில் அந்தத் திருவிழா நாளில் கொன்ற பிரபுக்களின் பட்டாடைகளை எடுத்து உடுத்திக்கொண்டு, அவர்களைப் போலவே நடந்து காட்டித் தெருவில் கூத்தடித்தார்கள். வேஷமும் ரத்தமும் ஒரே நாளில் ஒரே தெருவில். குறுநாவலிலும் திருவிழாக் காலம்தான், வேஷமும் உண்டு. ரோமியோ வனதேவதை போலப் பெண்வேடமிட்டு எதிரி வீட்டு விருந்துக்குப் போகிறான். எதற்கு? தன்னைத் திரும்பிப் பார்க்காத வேறொரு பெண்ணைத் தொடர்ந்து. எல்லோரும் அவன் அழகைப் பார்த்து வியக்கிறார்கள், யாரும் கையை ஓங்கவில்லை. அந்தத் தெருவை அறிந்த ஒருவர் இப்படி ஒரு விருந்தை எழுதலாமா? இதுதான் என் குற்றச்சாட்டு. மூச்சடக்கிச் சாவதெல்லாம் சில்லறை.

நளினி_ரா:
இப்போதுதான் வாதம் சூடாகிறது. சரி, நீங்கள் கேட்கும் கதையை அவர் எழுதுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்குச் சமர்ப்பிக்கிறார்? ஒரு சவொர்ஞான் பெண்ணுக்கு. கொலைக்குத் தலைமை தாங்கிய அந்தோனியோ அவள் குடும்பம், இவருக்கும் உறவு. அதே ஆண்டு அந்த ஆள் வெனிஸை விட்டுப் பேரரசர் பக்கம் ஓடினார். மறு ஆண்டு வில்லாக் நகரத்தில் எதிரணி ஆட்கள் அவரைக் கொன்றார்கள். தா போர்த்தோவோ வெனிஸுக்காகக் காயம்பட்டவர். காரணத்தைத் தொட்டால் யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டும். அதனால் கதையை இருநூறு ஆண்டு பின்னுக்கும், வேறு ஊருக்கும் தள்ளிவிட்டார்.

அவர் எழுதத் தெரியாதவரும் இல்லை. ஊதினே நிகழ்ச்சிகளைத் தன் கடிதங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறார். எது கடிதத்துக்கு, எது கதைக்கு என்று பிரித்துக்கொண்டார்.

பகை ஆறியிருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் கதையின் கூர்மை. கனன்று எரியும் பகையில் காதலர்கள் செத்தால் அதில் என்ன வியப்பு? ஏன் தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை, வெட்டிக்கொள்ளவும் தெம்பில்லை. ஆனாலும் பெண் கொடுக்க மனம் வராது. அந்த நிலையில் ஒரு தெருச்சண்டை போதும். அந்தச் சண்டையில்கூட ரோமியோ, மனைவியின் ஆட்கள் என்று கை ஓங்காமல் நெடுநேரம் ஒதுங்கியே நிற்கிறான். தன் ஆட்கள் பலர் காயப்பட்டு விழுந்த பிறகுதான் தெபால்தோ மேல் பாய்கிறான். நாடகத்தில் நண்பனுக்குப் பழிவாங்கும் வேகம் இருக்கிறது. இங்கே அந்தச் சாக்குகூட இல்லை.

கரிசல்வாசகன்:
உறவினரைக் காட்டிக்கொடுக்க முடியாத தர்மசங்கடம் புரிகிறது. அது ஆசிரியரின் சங்கடம். வாசகன் ஏன் சுமக்க வேண்டும்? பெயரை மாற்றி, ஊரை மாற்றி, காலத்தையும் மாற்றியவர் காரணத்தையும் ஒன்று கற்பித்திருக்கலாமே.

முடிவில் வரும் சமாதானத்தையும் பாருங்கள். பிணங்களைப் பார்த்து பார்த்தொலொமேயோ கண்ணீர் விடுகிறார், தகப்பன்மார் கட்டிக்கொள்கிறார்கள், பகை தீர்ந்தது. காரணமே சொல்லாத பகையைத் தீர்ப்பதும் சுலபம்தான்! ஃப்ரியூலியில் அந்தோனியோ செத்த பிறகும் அந்தப் பகை பல பத்தாண்டுகள் ஓடியது.

பழையபேனா:
சமாதானம் அவசரக்கோலம் என்பதில் நான் கரிசல் பக்கம். ஆனால் லொரென்ஸோ துறவியை இருவருமே தொடவில்லை. கதையில் உயிருள்ள ஆள் அவர்தான் என்பேன். ஊரில் நல்ல பெயரும் வேண்டும், சில சொந்த இன்பங்களும் வேண்டும். அதற்குப் பெரிய இடத்துத் துணை தேவை என்றுதான் ரோமியோவை நண்பனாக்கிக்கொள்கிறார் என்று ஆசிரியர் பச்சையாகவே எழுதுகிறார். பாவசங்கீர்த்தனம் கேட்கிற இடத்திலேயே கல்யாணத்தை முடித்துவைக்கிறார். கல்லறையில் பிடிபட்டதும், இறந்தவளுக்காக ஜெபிக்க வந்தேன் என்று முதலில் பொய். நெருக்கிப் பிடித்த பிறகுதான் உண்மை. நாற்பத்தெட்டு மணி நேரம் தூங்கவைக்கும் பொடி வைத்திருப்பவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று தா போர்த்தோ யோசித்திருக்கிறார். நாடகத்துத் துறவி இவரோடு ஒப்பிட்டால் பசு.

தூங்காநகரான்:
வெரோனாவுக்குச் சுற்றுலா போன நண்பர் ஜூலியட் வீட்டு மாடத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினார். அந்த மாடமே 1930-களில் அருங்காட்சியக அதிகாரி ஒட்டவைத்தது என்று சொன்னேன். இப்போது பேசுவதில்லை.

நளினி_ரா:
கல்லறைக் காட்சியை மறந்துவிட்டோம். தா போர்த்தோவில் ரோமியோ விஷம் குடித்த பிறகு, சாவதற்கு முன், ஜூலியெத்தா விழித்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். அவள் உயிரோடிருப்பது அவனுக்குத் தெரிகிறது, அவன் செத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிகிறது. 1554-இல் இதைத் திருப்பி எழுதிய இத்தாலியக் கதாசிரியர் பந்தெல்லோ அதை வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் 1559-இல் எழுதிய புவாஸ்துவோ அதை வெட்டி, அவள் கையில் கத்தியைக் கொடுத்தார். ஷேக்ஸ்பியருக்கு வந்து சேர்ந்தது அந்த வழிதான். 1748-இல் லண்டனில் நடிகர் டேவிட் கேரிக் ஷேக்ஸ்பியரின் நாடகத்தை மேடையேற்றியபோது அந்த உரையாடலைத் திரும்பச் சேர்த்தார். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். ஷேக்ஸ்பியரையே திருத்த வைத்த காட்சி அது. இதையும் குறைப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

கரிசல்வாசகன்:
சேர்ப்பேன். கேரிக் கைதட்டலுக்காகச் சேர்த்தார். அந்த நேரத்தில் இருவரும் பேசுவதைப் படியுங்கள். உலகப் பற்று, ஆன்மா, நான் இறந்தபின் நீ வாழு, மாட்டேன் என்று நீள்கிறது. இத்தனைக்கும் காரணமான குடும்பங்கள் மேல் ஒரு சுடுசொல் உண்டா? சாகும்போதுகூட பிரபு வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைத் திட்ட மாட்டார்கள் போல.

நளினி_ரா:
திட்டினால் உங்களுக்குப் பிடித்திருக்கும். கதையை எழுதியவர் கழுத்தில் காயத்தோடு, ஊர் ஒதுங்கிய வீட்டில் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு எந்த அப்பாவைத் திட்டுவது?

அடுத்து பந்தெல்லோவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். தாதிக்குப் பேச்சு வருவதும், மணமகனாகப் பார்த்த லொத்ரோனே பிரபுவுக்குப் பாரிஸ் என்று பெயர் வருவதும் அங்கேதான். கரிசல், நீங்கள் கேட்கிற காரணம் அதிலும் இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன்.