விண்டோஸ் 11 ஏத்தணும்: டிபிஎம் இல்லைங்குது, போர்டு மாத்தித்தான் ஆகணுமா?

வண்ணை வடக்கு:
பழைய வண்ணாரப்பேட்டை, வீட்டோட ஒட்டின சின்னக் கடை. சிஸ்டம் ஐ5-8400, எச்310 போர்டு, 8 ஜிபி ரேம், 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. விண்டோஸ் 10, 22எச்2. சி டிரைவ்ல 11 ஜிபிதான் காலி. டி டிரைவ்ல போட்டோவும் பில் பேக்கப்பும் இருக்கு.

விண்டோஸ் 11 ஏறுமான்னு பார்க்குற பிசி ஹெல்த் செக் ஓட்டினா ரெண்டு குறை காட்டுது: டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்குற செக்யூரிட்டி சிப்) இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடுற வசதி) இல்லை. பக்கத்து சர்வீஸ் கடையில போர்டை மாத்துங்க, இல்லைன்னா டிபிஎம் சிப் வாங்கிச் சொருகுங்கன்னு சொல்றாங்க. வீடியோ பார்த்து பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் திரை) சிஎஸ்எம்மை (பழைய முறையில பூட் பண்ண விடுற வசதி) ஆஃப் பண்ணா விண்டோஸே வரல, நேரா பயாஸுக்கே போகுது. திரும்ப ஆன் பண்ணா வந்துடுது.

பில்லிங் சாஃப்ட்வேர், ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எல்லாம் இதுலதான். 600 விஏ யுபிஎஸ் இருக்கு. இன்னொண்ணு, இதுக்குச் சம்பந்தம் இருக்கான்னு தெரியல: மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போட்டா கடிகாரம் 2018-க்குப் போயிடுது.

மதர்போர்டு மாமா:
போர்டும் வேணாம், சிப்பும் வேணாம் சார். 8-ஆம் தலைமுறை இன்டெல்ல டிபிஎம் உள்ளேயே இருக்கு. பயாஸ்ல அதுக்குப் பேர் பிடிடி. ஆசுஸ் போர்டா இருந்தா அட்வான்ஸ்டுல பிசிஎச்-எஃப்டபிள்யூ கீழே, எம்எஸ்ஐன்னா செக்யூரிட்டியில டிரஸ்டட் கம்ப்யூட்டிங் கீழே தேடுங்க. பல போர்டுல இது ஆஃப்ல வந்ததுதான் வினை.

உங்க நிஜமான சிக்கல் டிஸ்க். எஸ்எஸ்டி எம்பிஆர்ங்குற பழைய பார்ட்டிஷன் முறையில இருக்கு. சிஎஸ்எம்மை ஆஃப் பண்ணா போர்டு யுஇஎஃப்ஐங்குற புது முறையில மட்டும்தான் பூட் பண்ணும், அது எம்பிஆர் விண்டோஸைக் கண்டுக்காது. அதனாலதான் பயாஸுக்கே திரும்பிச்சு. டேட்டா எதுவும் போகல, வேலையைச் செஞ்ச வரிசைதான் மாறிப்போச்சு.

அந்தக் கடிகார விஷயத்துக்குத்தான் சம்பந்தமே அதிகம். போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரி செத்துப்போச்சு. அதை மாத்தாம பிடிடியை ஆன் பண்ணா, அடுத்த தடவை மின்சாரம் முழுசா அறும்போது பயாஸ் பழைய நிலைக்குப் போய் டிபிஎம் மறுபடியும் காணாமப் போகும். தேதி தப்பா இருந்தா அப்டேட் டவுன்லோடும் மக்கர் பண்ணும். முதல் வேலை பேட்டரி. 3 வோல்ட் காசு பேட்டரின்னு கேட்டா வாட்ச் கடையிலயே கிடைக்கும்.

அப்புறம் டி டிரைவை வெளி ஹார்டு டிஸ்குக்கு காப்பி பண்ணிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா திறந்து, டிஸ்கை அழிக்காம ஜிபிடிங்குற புது பார்ட்டிஷன் முறைக்கு மாத்துற எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை ஓட்டுங்க. முதல்ல வேலிடேட் (மாத்த முடியுமான்னு சோதனை) மட்டும். ஓடுற விண்டோஸுக்கு உள்ளேர்ந்து ஓட்டுறதால 'அலவ் ஃபுல் ஓஎஸ்' சேர்த்தே ஆகணும். சரின்னு வந்தா கன்வெர்ட். முடிஞ்சதும் ரீஸ்டார்ட்ல நேரா பயாஸுக்குப் போய் சிஎஸ்எம் ஆஃப், பிடிடி ஆன். கன்வெர்ட் ஆன டிஸ்க் பழைய முறையில பூட் ஆகாது, பயந்துடாதீங்க.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு எதாவது சொருகியிருந்தா கழட்டிட்டு மானிட்டரைப் போர்டுலயே மாட்டுங்க. சில பழைய கார்டுக்கு யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் கிடையாது; சிஎஸ்எம் போனா திரை கருப்பாயிடும்.

செக்யூர் பூட்டை ஆன் பண்ணியே ஆகணும்னு அப்கிரேடுக்குக் கட்டாயமில்லை, சப்போர்ட் இருந்தாப் போதும். வீட்டுல வாலரண்ட் ஆடுற பையன் இருந்தா அது வேற கதை, அவன் ஆன் பண்ண வெச்சுடுவான்.

வண்ணை வடக்கு:
நன்றி சார். பேட்டரி மாத்தியாச்சு, தேதி நிக்குது. ஆனா வேலிடேட் ஃபெயில்னு வருது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல நாலு பார்ட்டிஷன்: சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரெக்கவரி, டி.

மதர்போர்டு மாமா:
அதுதான் காரணம். எம்பிஆர்2ஜிபிடிக்கு பிரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல ஆகாது, எக்ஸ்டெண்டட் லாஜிக்கலும் ஆகாது. டி காப்பி ஆயிடுச்சுல்ல? ரெண்டு மூணு ஃபைலைத் திறந்து பார்த்துட்டு டி-யை டெலீட் பண்ணுங்க. வேலிடேட் தேறணும்.

சி-யைப் பெரிசாக்கணும்னா நடுவுல ரெக்கவரி மறிக்கும். கன்வெர்ட் முடிஞ்ச பிறகு ரீஏஜென்ட்சி (ரெக்கவரியை ஆன், ஆஃப் பண்ற கட்டளை) டிசேபிள், டிஸ்க்பார்ட்ல (பார்ட்டிஷனைக் கையாளுற கட்டளை) ரெக்கவரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓவர்ரைடோட டெலீட், சி-யை எக்ஸ்டெண்ட், கடைசியில ரீஏஜென்ட்சி எனேபிள். டிஸ்க்பார்ட்ல எண் மாறினா சி-யே போயிடும். லிஸ்ட் போட்டு அளவைப் பார்த்துட்டு செலக்ட் பண்ணுங்க.

கொருக்குப்பேட்டை கேட்:
அப்கிரேடுக்கு மைக்ரோசாஃப்டோட இன்ஸ்டாலேஷன் அசிஸ்டென்டை விட ஐஎஸ்ஓ (முழு விண்டோஸும் இருக்குற ஒரே ஃபைல்) நல்லது ப்ரோ. மைக்ரோசாஃப்ட் தளத்துலேர்ந்து இறக்கி, டபுள் கிளிக் பண்ணி மவுன்ட் ஆனதும் செட்டப். 'அப்டேட்ஸ் இப்ப வேணாம்'னு கொடுங்க, மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்தா ரொம்ப அவசியம். 'ஃபைல்களும் ஆப்களும் வைத்துக்கொள்' மங்கலா இருந்தா அங்கேயே நிறுத்துங்க. பெரும்பாலும் மொழி ஒத்துவராததுதான் காரணம். இருக்குறது யுஎஸ் இங்கிலீஷ், இறக்கினது இங்கிலீஷ் இன்டர்நேஷனல்னா ஆப்களை விடாது. டிஸ்ம் கட்டளையில 'கெட் இன்ட்ல்' கொடுத்தா எந்த மொழின்னு தெரியும்.

சி-யில 25 ஜிபியாவது காலி வைங்க. இடம் பத்தலைன்னா 80070070-ல முடியுற பிழை வரும். ஹைபர்னேட்டை ஆஃப் பண்ணாலே உங்க 8 ஜிபி ரேமுக்கு 3 ஜிபி பக்கம் திரும்பும்.

சி1900101-னு பிழை காட்டிப் பழைய விண்டோஸுக்கே திரும்பினா, பெரும்பாலும் டிரைவர் தகராறு. டோக்கன், பிரிண்டர், பென்டிரைவ் எல்லாத்தையும் பிடுங்குங்க. கீபோர்டு, மவுஸ் போதும். வெளி ஆன்டிவைரஸை டிசேபிள் இல்ல, அன்இன்ஸ்டாலே பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற சதவீதத்துல நின்னா ரேமையும் சந்தேகப்படணும். நம்ம பக்கம் காசிமேடு, ராயபுரத்துக் கடல் காத்துல ரேமோட தங்கப்பட்டை மங்கிடும். அழிரப்பரால தேய்ச்சு, தூசியை ஊதிட்டு மாட்டி, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஒரு சுத்து ஓட்டுங்க.

பில் புக்:
அண்ணே, நாளைப் பார்த்து ஆரம்பிங்க. மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்துற நாள் வேணாம். எஸ்எஸ்டியில ஒரு மணி நேரம், அதுக்கு மேலயும் ஆகலாம். 600 விஏ யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. சின்ன கட்டுக்குத்தான் அது. ஜிஎஸ்டி தாக்கல் கடைசி வாரத்துலயும் கை வைக்காதீங்க.

முடிஞ்சதும் டோக்கன் டிரைவரைக் கொடுத்தவங்க தளத்துலேர்ந்து புதுசா இறக்கிப் போடுங்க, பழைய சிடி வேணாம். டோக்கனை மட்டும் ஃபார்மட் பண்ணிடாதீங்க, உள்ளே இருக்குற சான்றிதழ் போயிடும். பில்லிங் டாஸ் முறையில பிரிண்ட் பண்ணுதுன்னா டாட் மேட்ரிக்ஸுக்கு 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரே ஓடும். தமிழ் எழுத்து அதுல வராது. டைப்பிங்குக்கு தமிழ் 99, அஞ்சல் ரெண்டும் விண்டோஸ்லயே இருக்கு.

பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள்தான். டிஸ்ம்ல 60 வரை நீட்டலாம், ஆனா அந்த 10 நாளுக்குள்ளயே நீட்டணும். ஒரு பில், ஒரு ஜிஎஸ்டி லாகின், ஒரு ஸ்கேன் பார்க்குற வரைக்கும் டிஸ்க் கிளீனப்ல 'முந்தைய விண்டோஸ்'ல டிக் போடாதீங்க.

அவசரமும் இல்ல. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாலும், 22எச்2-வுக்கு இஎஸ்யு-ல (செக்யூரிட்டி அப்டேட்டை நீட்டிக்கிற மைக்ரோசாஃப்ட் திட்டம்) சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி பேட்ச் உண்டு. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல செட்டிங்ஸை சின்க் பண்ணா காசு கிடையாது.